செயலியில் அனுப்பிய புகைப்படம் மருத்துவரைச் சென்றடைந்ததா? நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தொலைமருத்துவ ஆலோசனையில் மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்க இயலாது. நோயாளி கூறும் விவரங்களும், அவர் அனுப்பும் புகைப்படங்களுமே மருத்துவரின் முடிவுக்கு அடிப்படையாகின்றன. புண், தோல் தடிப்பு, ஆய்வக அறிக்கை, பழைய மருந்துச் சீட்டு, ஊடுகதிர்ப் படம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படமெடுத்து, செயலி வழியாகச் சேவையகத்துக்கு அனுப்புவதே பதிவேற்றம் எனப்படும்.

இந்தியாவில் இச்சேவை இன்று பரவலாகக் கிடைக்கிறது. சி-டாக் நிறுவனத்தின் மொகாலி மையம் உருவாக்கிய இ-சஞ்சீவனி தேசியத் தொலைமருத்துவச் சேவையில், நோயாளிகள் வீட்டிலிருந்தே மருத்துவரை அணுகும் புறநோயாளிப் பிரிவு 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. ஆலோசனைக்கு முன்பு பழைய அறிக்கைகளைப் பதிவேற்றும் வசதி அதில் உண்டு. தனியார் மருத்துவமனைகளின் செயலிகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன.

புகைப்படத்தை அனுப்பும் பொத்தானை அழுத்தியதும் மருத்துவர் அதனைப் பார்த்துவிட்டார் எனப் பலரும் கருதுகின்றனர். இது ஆபத்தான எண்ணமாகும். எடுத்துக்காட்டாக, நீரிழிவு நோயாளி ஒருவரின் காற்புண்ணை அவருடைய மனைவி மாலையில் படமெடுத்து அனுப்புகிறார் எனக் கொள்வோம். இணைப்பு பலவீனமாக இருந்ததால் படம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. மருத்துவர் பார்த்திருப்பார், அவசரமெனில் அழைத்திருப்பார் என்று குடும்பத்தினர் இரண்டு நாள் காத்திருக்கின்றனர். அந்த இரண்டு நாளில் தொற்று எலும்பு வரை பரவக்கூடும். இத்தகைய தாமதத்தைத் தவிர்க்க உதவும் தகவல்கள் இப்பக்கத்தில் தொகுத்துத் தரப்பட்டுள்ளன.

புகைப்படம் கடந்து செல்லும் மூன்று படிகள்

முதற்படி, படம் கைப்பேசியை விட்டு வெளியேறுதல். பொத்தானை அழுத்தியதும் செயலி படத்தின் அளவைச் சுருக்கி, பிறர் இடையில் படிக்க இயலாதவாறு குறியாக்கம் செய்து, சிறு சிறு துண்டுகளாக அனுப்பத் தொடங்குகிறது. திரையில் சுழலும் வட்டமோ நகரும் கோடோ இதனைத்தான் காட்டுகிறது.

இரண்டாம் படி, சேவையகம் படத்தை முழுமையாகப் பெறுதல். எல்லாத் துண்டுகளும் வந்து சேர்ந்தபின், படத்தின் வகையும் அளவும் ஏற்கத்தக்கவையா எனச் சேவையகம் சரிபார்த்து, உங்கள் பதிவில் சேர்த்துச் சேமிக்கிறது. அதன் பின்னரே 'பதிவேற்றம் நிறைவுற்றது' என்ற செய்தியோ பச்சைக் குறியோ தோன்றும்.

மூன்றாம் படி, மருத்துவர் படத்தைத் திறந்து பார்த்தல். இது கணினி செய்வதன்று. மருத்துவர் உங்கள் பதிவைத் திறக்கும்போதுதான் நிகழும். பல செயலிகளில், உங்கள் முறை வந்து ஆலோசனை தொடங்கும்வரை படத்தை எவரும் பார்ப்பதில்லை. இரவில் அனுப்பிய படம் மறுநாள் காலை வரை திறக்கப்படாமல் இருக்கலாம்.

ஆகவே, மருத்துவர் படத்தைப் பார்த்ததற்கான ஒரே உறுதி, அவர் அப்படத்தைக் குறிப்பிட்டுப் பேசுவதோ எழுதுவதோ ஆகும். ஆலோசனை தொடங்கியதும், "நான் மூன்று படங்கள் அனுப்பியுள்ளேன், மூன்றும் தெரிகின்றனவா?" என்று கேட்கவும். இக்கேள்வியை எந்த மருத்துவரும் தவறாகக் கருதமாட்டார்.

புகைப்படம் அனுப்பிக் காத்திருக்கக் கூடாத நிலைகள்

பின்வரும் நிலைகளில் படமெடுப்பதிலும் பதிவேற்றுவதிலும் நேரத்தைச் செலவிடாமல் உடனே 108 அவசர ஊர்தியை அழைக்கவும் அல்லது அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லவும்.

1. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வலிப்பு.
2. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல். இவை பக்கவாதத்தின் அறிகுறிகள்.
3. நிற்காத இரத்தப்போக்கு, பெரிய தீக்காயம், திடீர்ப் பார்வை இழப்பு.
4. பாம்புக்கடி. பாம்பைத் தேடிப் படமெடுக்க முயலக் கூடாது. இந்தியாவில் வழங்கப்படும் பாம்பு நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நச்சுக்கும் பொதுவானது. பாம்பின் படம் இல்லாததால் சிகிச்சை தடைபடாது.
5. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தையின் தோல் மஞ்சளாதல், மஞ்சள் நிறம் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவுதல், குழந்தை பால் குடிக்க மறுத்தல். அறையின் விளக்கொளிக்கேற்பக் கைப்பேசிக் கேமரா நிறத்தை மாற்றிக் காட்டும். எனவே படத்தை வைத்து மஞ்சள் காமாலையின் அளவை முடிவு செய்ய இயலாது.
6. நீரிழிவு நோயாளியின் காலில் கருமை, துர்நாற்றம், விரைவாகப் பரவும் வீக்கம், உடன் காய்ச்சல்.

2020 மார்ச் 25 அன்று வெளியிடப்பட்ட இந்தியத் தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களும், அவசர நிலையில் நோயாளியை இயன்ற விரைவில் நேரடிச் சிகிச்சைக்கு அனுப்புவதையே நோக்கமாகக் கொள்ளுமாறு மருத்துவர்களை அறிவுறுத்துகின்றன. மருத்துவர் "நேரில் வாருங்கள்" என்று கூறினால், உங்கள் படம் தெளிவாக இல்லை என்பது மட்டுமே அதன் பொருளன்று. படத்தால் காட்ட இயலாத ஒன்றைத் தொட்டுப் பார்த்து அறிய வேண்டியுள்ளது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். புண்ணின் ஆழம், காலின் நாடித்துடிப்பு, தொடு உணர்வு, வயிற்றின் இறுக்கம் ஆகியவற்றை எந்தக் கேமராவும் பதிவு செய்வதில்லை.

புண், தோல் பாதிப்பு ஆகியவற்றைப் படமெடுக்கும் முறை

முதலில் கைப்பேசிக் கேமராவின் கண்ணாடியை மென்மையான துணியால் துடைக்கவும். மங்கலான படங்களுக்குக் கைரேகை அழுக்கே பெரும்பாலும் காரணமாகிறது. பகல் வெளிச்சத்தில், சன்னலோரத்தில் படமெடுப்பது சிறந்தது. நேரடி வெயிலும் கேமராவின் பளிச்சொளியும் ஈரமான புண்ணை வெண்மையாகக் காட்டிவிடும். பின்னணியில் வெள்ளை அல்லது ஒரே நிறமுடைய துணியை விரிக்கவும்.

ஒரு பாதிப்புக்கு மூன்று படங்கள் போதுமானவை. முதற்படம், பாதிப்பு உடலில் எங்குள்ளது என்பதைக் காட்டும் அளவுக்குத் தொலைவிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, பாதிப்பையும் அதைச் சுற்றியுள்ள தோலையும் நேர்மேலிருந்து காட்ட வேண்டும். மூன்றாவது, பாதிப்பின் அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து எடுக்கப்பட வேண்டும். நாணயங்களின் அளவு வெளியீட்டுக்கு வெளியீடு மாறுவதால், நாணயத்தைவிடப் பள்ளி மாணவர்களின் அளவுகோலே நம்பத்தக்கது. அதனைப் புண்ணின் மீது படாமல் வைக்கவும். கேமராவை மிக அருகில் கொண்டுசென்றால் படம் மங்கும். சற்றுப் பின்வாங்கி, திரையில் பாதிப்பின் மீது விரலால் தொட்டு, படம் தெளிந்தபின் எடுக்கவும்.

முகப்பொலிவு கூட்டும் அமைப்புகளையும் நிறம் மாற்றும் வடிகட்டிகளையும் நிறுத்திவைக்கவும். அவை தோலின் தடிப்பையும் சிவப்பையும் மறைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பற்பசை போன்றவற்றைப் புண்ணின் மீது பூசக் கூடாது. ஏற்கெனவே பூசியிருப்பின், அதனை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்கவும். படத்துக்காகப் புண்ணைச் சுரண்டுவதோ, ஒட்டியுள்ள கட்டுத்துணியைப் பலமாக இழுத்துப் பிரிப்பதோ கூடாது.

கருமையான தோலில் அழற்சியின் சிவப்பு படத்தில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆகவே படத்துடன் சில சொற்களையும் சேர்த்து அனுப்பவும். பாதிப்பு எப்போது தொடங்கியது, வலிக்கிறதா, அரிக்கிறதா, தொட்டால் சூடாக உள்ளதா, துர்நாற்றம் உள்ளதா, காய்ச்சல் உள்ளதா என்ற விவரங்கள் பல நேரங்களில் படத்தைவிட அதிகம் உதவுகின்றன.

ஆறிவரும் புண்ணைத் தொடர்ந்து அனுப்ப நேரிடின், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே தொலைவிலிருந்து படமெடுக்கவும். அவ்வாறு எடுத்தால்தான் புண் சுருங்குகிறதா, விரிகிறதா என்பதை ஒப்பிட்டு அறிய முடியும்.

அறிக்கைகளையும் ஆவணங்களையும் படமெடுக்கும் முறை

ஆய்வக அறிக்கையைச் சமமான இடத்தில் விரித்து, நான்கு மூலைகளும் தெரியுமாறு படமெடுக்கவும். நோயாளியின் பெயர், நாள், பரிசோதனை முடிவு, அதன் அருகில் அச்சிடப்பட்டுள்ள இயல்பளவு ஆகிய நான்கும் படிக்கும்படி இருக்க வேண்டும். பல பக்கங்கள் இருப்பின் அவற்றை வரிசையாக அனுப்பவும். ஆய்வகம் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தி இணைப்பிலோ பிடிஎஃப் கோப்பை அனுப்பியிருந்தால், அதனைப் படமெடுக்காமல் அந்தக் கோப்பையே பதிவேற்றவும். அதில் எழுத்துகள் மங்குவதில்லை.

மருந்து அட்டையைப் படமெடுக்கும்போது மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் தெரிய வேண்டும். 5 மில்லிகிராம் மாத்திரைக்கும் 50 மில்லிகிராம் மாத்திரைக்கும் இடையே ஒரு சுழியம்தான் வேறுபாடு. மங்கிய படத்தில் அச்சுழியம் மறைந்துபோகக்கூடும்.

இதய மின்வரைபடத்தாளை மடிக்காமல், கட்டங்கள் தெளிவாகத் தெரியுமாறு முழுமையாக எடுக்கவும். தாள் நகரும் வேகம் பொதுவாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஆகும். தாளின் ஓரத்தில் அச்சிடப்பட்டுள்ள இவ்வளவும் படத்தில் இடம்பெற வேண்டும். ஊடுகதிர்ப் படத்தைப் பகல் வெளிச்சமுள்ள சன்னலின் முன்போ, வெண்மையான கணினித் திரையின் முன்போ பிடித்து, பளிச்சொளியின்றி எடுக்கவும். வலது, இடது எனக் குறிக்கும் எழுத்து படத்தில் தெரிய வேண்டும். சிடி, எம்ஆர்ஐ பரிசோதனைகளில் நூற்றுக்கணக்கான படங்கள் இருப்பதால், படலத்தைக் கைப்பேசியில் எடுத்து அனுப்புவது போதாது. எழுத்து வடிவிலான அறிக்கையைப் பதிவேற்றி, குறுந்தகட்டைப் பத்திரப்படுத்தவும்.

பதிவேற்றம் ஏன் தடைபடுகிறது?

காணொளிகள் தடையின்றி ஓடும் கைப்பேசியிலும் படம் பதிவேறாமல் நிற்பதைக் காணலாம். இணையத்திலிருந்து பெறும் வேகமும், இணையத்துக்கு அனுப்பும் வேகமும் வேறு வேறானவை. அனுப்பும் வேகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். 4 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தை நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 32 நொடிகள் தேவை. அவ்வேகம் 256 கிலோபிட்டாகக் குறைந்தால், அதே படத்துக்கு 2 நிமிடங்களுக்கும் மேலாகும். ஐந்து படங்களுக்குப் பத்து நிமிடங்களைத் தாண்டும். ஆகவே ஆலோசனை தொடங்கும் வேளையில் பதிவேற்றத் தொடங்காமல், முன்னதாகவே முடித்துவைக்கவும்.

பதிவேற்றம் நின்றுவிட்டால் பின்வருமாறு செய்யவும்.

1. செயலியைத் திறந்தே வைத்திருக்கவும். வேறு செயலிக்கு மாறினாலோ திரையை அணைத்தாலோ, மின்கலத்தைச் சேமிக்கும் பொருட்டுக் கைப்பேசி பதிவேற்றத்தை நிறுத்திவிடக்கூடும்.
2. சமிக்ஞை நன்கு கிடைக்கும் இடத்துக்கோ, நம்பகமான வைஃபை இணைப்புக்கோ மாறவும்.
3. அனுப்பும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தக் கூடாது. ஒரே படம் பலமுறை வரிசையில் சேர்ந்து, தாமதம் மேலும் கூடும்.
4. செயலிக்குக் கேமரா, படத்தொகுப்பு ஆகியவற்றின் அனுமதி வழங்கப்பட்டுள்ளதா எனக் கைப்பேசி அமைப்புகளில் பார்க்கவும்.
5. 'கோப்பு வகை ஏற்கப்படவில்லை' எனத் தோன்றினால், படத்தின் வடிவமே காரணம். 2017 முதல் ஐபோன்கள் ஹைக் என்னும் வடிவத்தில் படங்களைச் சேமிக்கின்றன. சில சேவையகங்கள் அதனை ஏற்பதில்லை. கேமரா அமைப்புகளில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தபின் எடுக்கும் படங்கள் ஜேபெக் வடிவில் சேமிக்கப்படும்.
6. 'கோப்பு மிகப் பெரியது' எனத் தோன்றினால், தேவையற்ற பின்னணியை வெட்டி நீக்கி மீண்டும் அனுப்பவும்.

இவற்றுக்குப் பின்னும் படம் பதிவேறவில்லையெனில், அதற்காக ஆலோசனையைத் தள்ளிப்போட வேண்டாம். நிலைமையைச் சொற்களால் மருத்துவரிடம் விளக்கவும். அறிக்கையில் உள்ள எண்களைப் படித்துக் காட்டவும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ நேரில் செல்வதும் சிறந்த வழியே. இ-சஞ்சீவனியின் மற்றொரு பிரிவில், நலவாழ்வு மையத்தின் பணியாளர் நோயாளியை உடன் வைத்துக்கொண்டே உயர்நிலை மருத்துவரிடம் ஆலோசனை பெறுகிறார். கைப்பேசி இல்லாதவர்களும் அதனைப் பயன்படுத்தலாம்.

அந்தரங்கத்தைப் பாதுகாத்தல்

உடலின் படம் மிகவும் அந்தரங்கமான தகவலாகும். நோயாளியின் அந்தரங்கப் படங்களையும் தகவல்களையும் மருத்துவர் தவறாகப் பயன்படுத்துவது, எடுத்துக்காட்டாகச் சமூக ஊடகத்தில் வெளியிடுவது, தொழில்முறை ஒழுங்கீனம் என 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தெளிவாகக் குறிப்பிடுகின்றன. எனினும், உங்கள் கைப்பேசியில் தங்கிவிடும் படத்துக்கு நீங்களே பொறுப்பாவீர்கள்.

பல கைப்பேசிகளில் எடுக்கும் ஒவ்வொரு படமும் தானாகவே மேகக் கணிமைச் சேமிப்பகத்துக்குச் செல்லும் அமைப்பு உள்ளது. மருத்துவருக்கென்று எடுத்த படம், உரிமையாளர் அறியாமலேயே வேறொரு சேவையகத்துக்கும் சென்றுவிடுகிறது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், தம் சிறு மகனின் பிறப்புறுப்பு வீக்கத்தை மருத்துவ ஆலோசனைக்காகத் தந்தை ஒருவர் படமெடுத்தார். அப்படம் தானாகவே கூகுள் சேமிப்பகத்துக்குச் சென்றது. தானியங்கி முறை அதனைக் குழந்தை ஆபாசப் படமாகக் கருதியதால் அவருடைய கணக்கு முடக்கப்பட்டு, காவல் துறை விசாரணையும் நடைபெற்றது. குற்றம் ஏதும் நிகழவில்லை எனக் காவல் துறை முடிவு செய்த பின்னரும் கணக்கு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதனை வெளியிட்டது.

ஆகவே பின்வரும் முன்னெச்சரிக்கைகளை மேற்கொள்ளவும்.

1. அந்தரங்க உறுப்புகளின் படத்தை மருத்துவர் கேட்டாலொழிய அனுப்ப வேண்டாம். குழந்தைகளுக்கு இத்தகைய பாதிப்பு இருப்பின் நேரில் காட்டுவதே சிறந்தது.
2. படமெடுக்கும் முன் தானியங்கிக் காப்புப் பிரதி அமைப்பை நிறுத்திவைக்கவும். செயலிக்குள்ளேயே கேமரா வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்தவும்.
3. தேவையில்லாதபோது முகம் படத்தில் இடம்பெற வேண்டாம். கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவைக்கவும். இல்லாவிடில் படம் எடுக்கப்பட்ட இடம் படக்கோப்பிலேயே பதிந்திருக்கக்கூடும்.
4. செயலி படத்தொகுப்பு முழுவதற்கும் அனுமதி கேட்டால், 'தேர்ந்தெடுத்த படங்கள் மட்டும்' என்பதைத் தெரிவு செய்யவும்.
5. மருத்துவர் படத்தைப் பார்த்தது உறுதியான பின்னர் அதனைக் கைப்பேசியிலிருந்து நீக்கவும். நீக்கிய படம் உடனே அழிவதில்லை. ஐபோனில் 30 நாள்களும், கூகுள் ஃபோட்டோஸில் காப்புப் பிரதியாக உள்ளவை 60 நாள்களும் குப்பைத் தொகுப்பில் தங்கியிருக்கும். அங்கிருந்தும் நீக்கவும். தொடர்ந்து ஒப்பிட வேண்டிய புண்ணின் படங்களை மட்டும் சிகிச்சை முடியும்வரை வைத்திருக்கலாம்.
6. மருத்துவமனையிலிருந்து அழைப்பதாகக் கூறி ஒருமுறைக் கடவுச்சொல்லையோ, வங்கி அட்டையின் படத்தையோ எவர் கேட்டாலும் தர வேண்டாம். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கவும்.

பராமரிப்பாளர்களின் கவனத்துக்கு

படமெடுக்கும் முன் நோயாளியிடம் தெரிவித்து, அவர் ஒப்புதலைப் பெறவும். முதியோரும் படுக்கையில் உள்ளோரும் மறுப்பைச் சொல்லத் தயங்குவர். மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம். சிறார்களுக்கான தொலைமருத்துவ ஆலோசனையில், அடையாளம் உறுதிசெய்யப்பட்ட பெரியவர் ஒருவர் உடனிருத்தல் கட்டாயமாகும். ஒரே கைப்பேசியில் குடும்பத்தினர் பலரின் பதிவுகள் இருப்பின், பதிவேற்றும் முன் திரையில் உள்ள பெயரைச் சரிபார்க்கவும். தாயின் இரத்தப் பரிசோதனை அறிக்கை மகளின் பதிவில் சேர்ந்தால், இருவரின் சிகிச்சையிலும் பிழை நேரலாம்.

அடிக்கடி எழும் வினாக்கள்

வாட்ஸ்அப் வழியாக மருத்துவருக்குப் படம் அனுப்பலாமா?

மருத்துவர் அதற்கு இசைந்தால் அனுப்பலாம். வழிகாட்டுதல்களும் அதனைத் தடை செய்யவில்லை. ஆனால் சாதாரணமாக அனுப்பும் படம் பெரிதும் சுருக்கப்படுவதால், அறிக்கைகளை 'ஆவணம்' என்ற தெரிவின் வழியாக அனுப்பவும். இரண்டு நீலக் குறிகள் செய்தி திறக்கப்பட்டதையே காட்டும். மருத்துவர் படத்தை ஆராய்ந்து முடிவு செய்துவிட்டார் என்பதை அவை காட்டுவதில்லை.

எத்தனை படங்கள் அனுப்பலாம்?

தெளிவான மூன்று படங்கள், மங்கலான முப்பது படங்களைவிடப் பயன்தருபவை. அனுப்பும் முன் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, உங்களால் படிக்க முடிகிறதா எனச் சரிபார்க்கவும்.

படம் அனுப்பிய பின் நோயாளியின் நிலை மோசமானால் என்ன செய்வது?

பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் பார்த்த படம் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைக் காட்டுவது. நோயாளியின் இப்போதைய நிலையே முடிவுக்கு அடிப்படை. உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

நினைவில் கொள்ளவும்

பொத்தானை அழுத்தியது, சேவையகம் பெற்றது, மருத்துவர் பார்த்தது ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. மூன்றாவது நிகழ்ந்ததா என்பதைக் கேட்டு உறுதி செய்யவும். அதுவரை மூலப்படத்தை நீக்க வேண்டாம். உறுதியான பதில் கிடைக்காதவரை, மருத்துவர் படத்தைப் பார்க்கவில்லை என்றே கருதி அடுத்த நடவடிக்கையை மேற்கொள்ளவும்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுமக்களின் விழிப்புணர்வுக்கான தகவல்கள் மட்டுமே. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கோ ஆலோசனைக்கோ மாற்றாக மாட்டா.